13 லட்சமா, 17 லட்சமா? ஸ்போர்ட்டி செடானில் சாதா மாடலா, டாப் மாடலா? திருச்சிக்காரர்கள் புக் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

ஷோரூமுக்குள் நுழையும்போது மனசுக்குள் 13 லட்ச ரூபாய் கணக்கு இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது அது 17 லட்சமாகியிருக்கும். நடுவில் நடந்தது இவ்வளவுதான்: கறுப்பு அலாய் வீல், சிவப்பு பிரேக் காலிப்பர், பின்னால் "டர்போ" என்ற சின்ன எழுத்து, ஒரு டெஸ்ட் டிரைவ். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்ட அந்த 5 விநாடிக்கு 4 லட்சம் கொடுக்கலாமா, கூடாதா?

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் செடான் வாங்க நினைக்கும் பல வீடுகளில் இதுதான் இப்போது பஞ்சாயத்து. மகனுக்கு டர்போ வேணும். "ஆபீஸ் போக, கோயிலுக்குப் போக இதெல்லாம் எதுக்கு?" என்பது அப்பாவின் கேள்வி. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா கணக்கு போட்டுப் பார்த்தால், இருவருமே கவனிக்காத சில விஷயங்களும் இருக்கு.

உதாரணத்துக்கு ஹூண்டாய் வெர்னாவை எடுத்துக்கொள்வோம். காரணம், இது நம்ம ஊர் கார். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் தயாராகிறது. (சென்னையின் கார் ரேஸ் டிராக் இருப்பதும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் என்பது தனி சுவாரஸ்யம்.) சாதா மாடலுக்கும் ஸ்போர்ட்டி மாடலுக்கும் உள்ள வித்தியாசமும் இந்தக் காரில் தெளிவாகத் தெரியும்.

ஒரே உடம்பு, இரண்டு இதயம்

இப்போதைய தலைமுறை வெர்னா 2023 மார்ச்சில் அறிமுகமானது. அதோடு டீசல் என்ஜினுக்கு விடை கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது இரண்டு பெட்ரோல் என்ஜின்கள். இரண்டுமே 1.5 லிட்டர்தான்.

முதலாவது சாதாரண எம்பிஐ என்ஜின். 115 பிஎஸ் பவர், 144 நியூட்டன் மீட்டர் டார்க். இரண்டாவது டர்போ. 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர்.

பவரைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனா ஓட்டும்போது உணர்வது டார்க்கை. எளிமையாகச் சொன்னால், வண்டியை முன்னால் இழுக்கும் முறுக்குவிசை. எம்பிஐ என்ஜினில் அந்த இழுவை உச்சத்துக்கு வர என்ஜின் 4,500 சுற்றுவரை போகணும். டர்போவில் 1,500 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும், 3,500 வரை அப்படியே நிற்கும். அதாவது கியரைக் குறைக்காமல், என்ஜினைக் கத்த வைக்காமல், காலை லேசாக அழுத்தினாலே வண்டி பாயும். விளம்பரத்தில் வரும் 160 என்ற எண்ணைவிட, அன்றாட ஓட்டத்தில் இந்த 1,500 என்ற எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

மற்றபடி இரண்டுக்கும் ஒரே உடம்பு. 4,535 மில்லிமீட்டர் நீளம், 1,765 மில்லிமீட்டர் அகலம், 528 லிட்டர் டிக்கி. அப்பா அம்மாவோடு ரெண்டு பெரிய சூட்கேஸ் ஏற்றிக்கொண்டு போக, டர்போவில் ஒரு அங்குலம்கூட கூடுதல் இடம் கிடைக்காது.

விலைப் பட்டியலில் ஒளிந்திருக்கும் கேள்வி

அறிமுகமானபோது வெர்னாவின் எக்ஸ் ஷோரூம் விலை 10.90 லட்சத்தில் தொடங்கி 17.38 லட்சம் வரை போனது. அதன் பிறகு விலை பலமுறை மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் மாறியது. 4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த மாதிரி செடான்களுக்கு முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியோடு 17 சதவீத செஸ் சேர்த்து மொத்தம் 45 சதவீதம் வரி இருந்தது. இப்போது செஸ் இல்லாமல் 40 சதவீதம். சின்ன கார்களுக்கு 18 சதவீதமாகக் குறைந்த சந்தோஷம் செடானுக்கு முழுசாக வரவில்லை.

ஆகவே இன்றைய விலையை ஷோரூமில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளணும். ஆனால் மாடல்களுக்கு இடையிலான இடைவெளியைப் புரிந்துகொள்ள அறிமுக விலைப் பட்டியலே போதும்.

மேனுவல் கியரில் எஸ்எக்ஸ் மாடல் சுமார் 12.99 லட்சம். அதே எஸ்எக்ஸ் டர்போவாக 14.84 லட்சம். வித்தியாசம் 1.85 லட்சம். சாதா என்ஜினோடு எல்லா வசதியும் சேர்ந்த எஸ்எக்ஸ் ஆப்ஷனல் மேனுவல் 14.66 லட்சம். இங்கேதான் நிறுத்திப் பார்க்கணும். 14.66-க்கு வசதி, 14.84-க்கு என்ஜின். வித்தியாசம் வெறும் 18 ஆயிரம்.

அப்படின்னா கேள்வி "மலிவா, விலை உயர்ந்ததா" என்பது மட்டும் இல்லை. கிட்டத்தட்ட ஒரே பணத்துக்கு, முன்சீட்டில் காற்று வரும் வென்டிலேட்டட் சீட்டும் போஸ் ஸ்பீக்கரும் வேணுமா, இல்லை 45 பிஎஸ் கூடுதல் பவர் வேணுமா என்பதே உண்மையான கேள்வி. விற்பனைப் பிரதிநிதி இதை இப்படிப் பிரித்துச் சொல்ல மாட்டார். அவர் கை நீட்டுவது இரண்டும் சேர்ந்த 17 லட்சத்து வண்டியை.

4 லட்சம் எப்படி 5 லட்சம் ஆகிறது?

13 லட்சம் மாடலுக்கும் 17 லட்சம் மாடலுக்கும் 4 லட்சம்தான் வித்தியாசம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆன்ரோடு விலை வேறு கதை.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாகன ஆயுள் வரி உயர்ந்தது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். அதன்படி 13 லட்சம் வண்டிக்கு வரி 2.34 லட்சம். 17 லட்சம் வண்டிக்கு 3.06 லட்சம். இதிலேயே 72 ஆயிரம் கூடுகிறது.

10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். 13 ஆயிரத்துக்குப் பதில் 17 ஆயிரம். இது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்டுக்கொள்ளக்கூடிய பணம். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் வரும். அப்பா பெயரில் வண்டி எடுத்து, அவர் ரிட்டர்ன் போடாமல் விட்டால் அந்தப் பணம் போனது போனதுதான்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் என்ஜின் கொள்ளளவைப் பொறுத்தது. வெர்னாவின் இரண்டு என்ஜினும் 1,500 சிசிக்குள் இருப்பதால் இதில் வித்தியாசம் இல்லை. சொந்த சேதத்துக்கான பிரீமியம் மட்டும் வண்டி விலைக்கேற்ப ஏறும். எல்லாம் சேர்த்தால் 4 லட்சம் என்று ஆரம்பித்தது, சாலைக்கு வரும்போது ஏறத்தாழ 5 லட்சத்தைத் தொட்டுவிடும்.

அந்த 5 லட்சத்தையும் கடனில் போட்டால்? 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வருஷக் கடனில் மாதம் 10,379 ரூபாய் கூடுதல். மொத்தம் திருப்பிக் கட்டுவது 6.23 லட்சம். "இஎம்ஐ குறைச்சு தர்றோம் சார்" என்று 7 வருஷமாக நீட்டினால் மாதம் 8,045 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தம் 6.76 லட்சம் ஆகிவிடும். இது முழு காருக்கான இஎம்ஐ இல்லை, டாப் மாடலுக்குப் போனதால் ஏறிய இஎம்ஐ மட்டும்.

மாதம் 10 ஆயிரம் என்பது பல வீடுகளில் ஒரு பிள்ளையின் டியூஷன் ஃபீஸ், இல்லை அம்மாவின் மாத்திரை மருந்துச் செலவு. அது தடுமாறாமல் போகுமா என்பதை ஷோரூமில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து, மூன்று மாதம் அந்தக் கூடுதல் தொகையைத் தனியாக ஒரு கணக்கில் போட்டுப் பாருங்கள். கை கடிக்கவில்லை என்றால் பிறகு டர்போவைப் பற்றிப் பேசலாம்.

வேறு பிராண்டு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில செடான்களின் ஆரம்ப மாடல் 10 லட்சத்தை ஒட்டி வரும். 9.99 லட்சத்துக்கு 13 சதவீத வரி, சுமார் 1.30 லட்சம். 10.01 லட்சமானால் 18 சதவீதம், சுமார் 1.80 லட்சம். எக்ஸ் ஷோரூமில் 2 ஆயிரம் கூடினால் கையிலிருந்து போவது 52 ஆயிரம். அந்த எல்லையில் இருக்கும் வண்டிக்கு "மெட்டாலிக் கலர் எடுத்துக்கலாம் சார்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் 160 பிஎஸ் என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. காலை 9 மணிக்கு சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் ஏறி மாம்பழச்சாலை வருவதற்குள் முதல் கியர், இரண்டாவது கியர், பிரேக். மறுபடி முதல் கியர். 2022 கடைசியில் பராமரிப்புக்காக காவிரிப் பாலத்தை மூடி, 2023 தொடக்கத்தில் திறக்கும்வரை ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பட்ட பாடு மறந்திருக்காது. பாலம் திறந்திருக்கும் நாளிலும் அது வேகத்துக்கான இடம் இல்லை.

இந்த ஊர்ந்து போகிற ஓட்டத்தில், டர்போ மாடலின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் கவனிக்க வேண்டிய விஷயம். வெர்னா டர்போவில் வருவது 7 வேக டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச். நெடுஞ்சாலையில் கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாறும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உள்ளே இருப்பது நாம் மேனுவல் வண்டியில் மிதிக்கும் அதே மாதிரி உலர் கிளட்ச், அதைக் காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் இயக்குகிறது. நடைவேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். மே மாதம், வெளியே 40 டிகிரி வெயில், பாலத்தின் ஏற்றத்தில் நின்று நின்று போவது அதற்குப் பிடிக்காத வேலை. பிரேக்கை விட்டு ஒரு முழம், மறுபடி ஒரு முழம் என்று நகர்த்தாமல், முன்னால் கொஞ்சம் இடம் விட்டு ஒரேயடியாக நகர்வது நல்லது.

சாதா எம்பிஐ என்ஜினோடு வரும் ஐவிடி கியர்பாக்ஸ் பெல்ட், புல்லி முறையில் இயங்கும் சிவிடி வகை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். ரசித்து ஓட்டுபவர்களுக்கு எரிச்சல். ஆனால் டிராஃபிக்கில் வெண்ணெய் மாதிரி போகும். என்எஸ்பி ரோடு, தில்லைநகர், கன்டோன்மென்ட், திரும்ப ஸ்ரீரங்கம் என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு விலை குறைந்த ஐவிடிதான் பொருத்தமான கியர்பாக்ஸ். அதிகப் பணம் கொடுத்தால் எல்லாமே அதிகம் நல்லதாக இருக்கும் என்ற கணக்கு இங்கே உடைகிறது.

சென்னை பைபாஸ் ஏறியதும்

நம்பர் 1 டோல்கேட் தாண்டி, சமயபுரம் சுங்கச்சாவடி கடந்ததும் கதை மாறும். திருச்சியிலிருந்து சென்னைக்கு 320 கிலோமீட்டர் அளவுக்கு நான்கு வழிச்சாலை. மாதம் இரண்டு முறை சென்னை போய் வருகிறவர், மகளைப் பார்க்க பெங்களூரு போகிறவர், பிசினஸுக்காக கோவை, மதுரை என்று சுற்றுபவர். இவர்களுக்கு டர்போவின் இழுவை வெறும் ஆடம்பரம் இல்லை. நான்கு பேர், முழு ஏசி, டிக்கி நிறைய சாமான் என்று ஏற்றினாலும் வண்டி மூச்சு வாங்காது.

ஆனாலும் டர்போவுக்கு அசல் தேவை நான்கு வழிச்சாலையில் இல்லை, இரண்டு வழிச்சாலையில்தான். துறையூர் பக்கம் போகிறீர்கள். முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி, எதிரே பஸ் வருவது தெரிகிறது. முந்த முடிவு செய்த பிறகு எதிர்ப் பாதையில் எத்தனை விநாடி இருக்கிறீர்கள் என்பதுதான் உயிர்ப் பிரச்னை. சாதா என்ஜினில் கியரைக் குறைத்து, 4,500 சுற்றுக்கு விரட்டி, பிறகுதான் முந்தணும். டர்போவில் அந்த நேரம் குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏற்றத்திலும் இதே வித்தியாசம் தெரியும். சாதா வண்டியும் ஏறும், சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து ஏறும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த உச்சவரம்புப்படி நான்கு வழி தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு 100 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தை 115 பிஎஸ் வண்டி அலட்டிக்கொள்ளாமல் நாள் முழுக்க ஓடும். டர்போ இருப்பதாலேயே 140-ல் போகிறவருக்கு, பெரம்பலூர் பக்கம் சென்டர் மீடியன் இடைவெளியில் சட்டென்று திரும்பும் டூவீலர் முன்னால் 253 நியூட்டன் மீட்டர் உதவாது. பிரேக்தான் உதவும். ஆகவே நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் நீங்கள் பார்க்கும் வேரியன்டில் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சிவப்புப் பெயின்ட் அடித்த காலிப்பரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது நிறம்தான்.

உத்திர வீதியில் நிறுத்தணுமே!

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதி பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி: இந்த நாலரை மீட்டர் வண்டியை எங்கே நிறுத்துவது? பழைய வீடுகளில் திண்ணை உண்டு, கார் ஷெட் கிடையாது. வீட்டு வாசலில் வெயிலிலும் வேப்பம்பூவிலும் நிற்கும். சித்திரைத் தேர் வரும்போது வீதியைக் காலி பண்ணணும். வைகுண்ட ஏகாதசி நாட்களில் வண்டியை வெளியே எடுப்பதே பெரும்பாடு. பஞ்சுப் பொதி மாதிரி பளபளக்கும் 17 லட்சம் வண்டியில் முதல் கீறல் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடிக்க அவசரமாகப் போகும் ஆட்டோவால்தான் விழும்.

வெயிலில் நிற்கும் வண்டி என்றால், டர்போ மாடலில் வரும் முழுக் கறுப்பு உள்ளலங்காரம் படத்தில் அழகு, மே மாத மதியத்தில் அடுப்பு. சாதா மாடலின் வெளிர் நிற உள்ளலங்காரம் சீக்கிரம் அழுக்காகும், ஆனால் உட்கார முடியும். சன்ரூஃப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருச்சியில் அதைத் திறக்க ஏற்ற மாதங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதே பட்டியலில் இருக்கும் வென்டிலேட்டட் சீட்டோ வருஷத்தில் 9 மாதம் பயன்படும். நம்ம ஊர் வெயிலுக்குக் காசு கொடுக்கத் தகுந்த ஒரே சொகுசு அதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

டயரையும் பாருங்கள். ஆரம்ப மாடலில் 15 அங்குல வீல், டயரின் பக்கச்சுவர் உயரம் அதிகம். மேல் மாடல்களில் 16 அங்குலம், பக்கச்சுவர் குட்டை. வளைவில் பிடிப்பு நன்றாக இருக்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருவில் அடி நேரே அலாய் வீலுக்குப் போகும். மாற்றும்போது டயர் விலையும் கூடுதல்.

உயிர் விஷயத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

வெர்னாவில் 6 ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு. 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள், குழந்தைகள் இரு பிரிவிலும் 5 ஸ்டார் வாங்கியது. ஆனால் அதே அறிக்கை, காரின் உடற்கூடு நிலையற்றது என்றும் குறிப்பிட்டது. போட்டி கார்களான ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டும் அதே ஆண்டு 5 ஸ்டாரோடு, உடற்கூடு நிலையானது என்ற மதிப்பீட்டையும் பெற்றன. ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்று. உள்ளே படித்தால் ஒன்றல்ல.

டாப் மாடலுக்கு இழுக்கும் இன்னொரு தூண்டில் அடாஸ். முன்னால் போகும் வண்டியை ரேடார் மூலம் கண்டு தானே பிரேக் போடும், பாதை விலகினால் ஸ்டீயரிங்கைத் திருத்தும். சென்னை நெடுஞ்சாலையில், இரவில், கண் அசரும் ஒரு விநாடியில் இது உயிரைக் காப்பாற்றலாம். பால்பண்ணை சர்வீஸ் ரோட்டில் குறுக்கே புகும் பைக்குக்கு நடுவே அடிக்கடி பீப் அடித்து, தேவையில்லாமல் பிரேக் பிடித்து பயமுறுத்தவும் செய்யும். லேன் கோடு இல்லாத தெருவில் லேன் அசிஸ்ட்டுக்கு வேலையே இல்லை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓட்டுபவர் இதற்குப் பணம் கொடுக்கலாம். தில்லைநகர், உறையூர் தாண்டாத வண்டிக்கு அவசியமில்லை.

எந்த மாடலாக இருந்தாலும் ஈஎஸ்சி, அதாவது வண்டி சறுக்கும்போது தானே நிலைப்படுத்தும் வசதி இல்லாமல் எடுக்காதீர்கள். ஆரம்ப மாடலைப் பார்க்கிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்கணும்.

இந்த இடத்தில் ஒரு எளிய வழி இருக்கு. பின்னால் வெளியே போட்டுக்கொள்ள முடிகிற பொருளுக்காக மேல் மாடலுக்குப் போகாதீர்கள். சீட் கவர், ஸ்பீக்கர், கேமரா எல்லாம் வெளியே கிடைக்கும். (ஒயரை வெட்டி ஒட்டினால் வாரன்டி சிக்கலாகும், அதையும் மனசில் வச்சுக்கோங்க.) என்ஜின், கியர்பாக்ஸ், ஏர்பேக், ஈஎஸ்சி, அடாஸ் இதெல்லாம் எந்தக் கடையிலும் பின்னால் பொருத்த முடியாது. கையில் இருக்கும் கூடுதல் பணம் இந்த இரண்டாவது வரிசைக்குப் போகணும்.

மைலேஜில் ஒரு ஆச்சரியம்

டர்போ என்றாலே பெட்ரோல் குடிக்கும் என்பார்கள். ஆனால் அறிமுகத்தின்போது நிறுவனம் சொன்ன எண்களில் எம்பிஐ மேனுவல் லிட்டருக்கு 18.6 கிலோமீட்டர், டர்போ மேனுவல் 20. ஐவிடி 19.6, டிசிடி 20.6. டர்போதான் அதிகம்! சோதனைக்கூடத்தில் மென்மையாக ஓட்டும்போது டர்போ குறைந்த சுற்றிலேயே வேலையை முடித்துவிடுவதால் இப்படி. சாலையில் அந்த இழுவையை ஒவ்வொரு சிக்னலிலும் அனுபவிக்க ஆரம்பித்தால் எண் தலைகீழாகும். மைலேஜ் டர்போவில் இருக்காது, ஓட்டுபவர் காலில் இருக்கும்.

சரி, மோசமாகவே கணக்குப் போடுவோம். மாதம் 1,000 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். சாதா வண்டி 14, டர்போ 12 கொடுக்கிறது என்றால் மாத வித்தியாசம் சுமார் 1,190 ரூபாய். மேலே பார்த்த 10 ஆயிரம் இஎம்ஐ பக்கத்தில் இது சில்லறை. மைலேஜுக்காக டர்போவை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, கடனுக்காகச் சொல்லலாம்.

பேட்ஜ் மட்டும் ஸ்போர்ட்டா?

விர்டஸ் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். 2024 அக்டோபரில் ஃபோக்ஸ்வேகன் இரண்டு புது மாடல் விட்டது. ஜிடி லைன், ஜிடி பிளஸ் ஸ்போர்ட். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே கறுப்பு கிரில், கறுப்பு வீல், ஒரே மிடுக்கு. ஆனால் ஜிடி லைனில் இருப்பது 1.0 லிட்டர், 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர் என்ஜின். ஜிடி பிளஸ் ஸ்போர்ட்டில் 1.5 லிட்டர், 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். அப்போதைய விலை ஒன்று 14 லட்சத்தில் ஆரம்பம், மற்றொன்று 18 லட்சத்தை ஒட்டி.

ஜிடி லைன் ஏமாற்று வேலையா? இல்லை. தோற்றம் பிடித்திருக்கிறது, வேகம் தேவையில்லை என்பவருக்கு அது நியாயமான பேரம். அந்த 1.0 லிட்டரும் டர்போதான் என்பதால் வெர்னாவின் சாதா என்ஜினைவிட இழுவை அதிகம். அதோடு வரும் 6 வேக ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை. டிராஃபிக்குக்கு நல்லது. 1,000 சிசிக்குள் இருப்பதால் புது வண்டிக்குக் கட்டும் மூன்று வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் குறைவு. 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 6,521 ரூபாய், 1.5 லிட்டருக்கு 10,640 ரூபாய். பின்பக்கம் இருக்கும் எழுத்தைப் பார்த்து "ஜிடிதானே, 150 குதிரை" என்று நினைத்து எடுத்தால்தான் வருத்தம்.

டெஸ்ட் டிரைவை நீங்கள் நடத்துங்கள்

ஷோரூம் ஆள் உங்களை காலியான பைபாஸுக்குத்தான் அழைத்துப் போவார். அங்கே டர்போ ஜெயிக்காமல் எங்கே ஜெயிக்கும்? இரண்டு வண்டியையும், ஒரே நாளில், உங்கள் வழியில் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் நான்கு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியை முழுசாக வையுங்கள். சாயங்காலம் 6 மணிக்கு காவிரிப் பாலம். அரிஸ்டோ மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். பிறகு பைபாஸ், 60-லிருந்து 100 வரை. மூட்டு வலி இருக்கும் அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஏறி இறங்கச் சொல்லுங்கள். செடான் சீட் தாழ்வானது. இதில் பிரச்னை வந்தால் டர்போவா சாதாவா என்ற பேச்சே முடிந்தது, வேறு வகை வண்டிதான் பார்க்கணும்.

இப்படி ஓட்டிப் பார்த்த பிறகும் மகன் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்து, மூன்று மாத இஎம்ஐ ஒத்திகையும் தடுமாறாமல் போயிருந்தால், நடுவழி ஒன்று உண்டு: டர்போ என்ஜின், மேனுவல் கியர், நடுத்தர எஸ்எக்ஸ் மாதிரி வசதி. ஓட்டுவதில் கிடைக்கும் சந்தோஷம் கிட்டத்தட்ட முழுசாக இதிலேயே வந்துவிடும். டிசிடி கிளட்ச் கவலை இல்லை. அறிமுக விலைப்படி டாப் மாடலைவிட 2.5 லட்சம் குறைவு. ஊருக்குள் மட்டும் ஓட்டும் வீட்டுக்கு சாதா என்ஜின் ஐவிடி. சென்னைக்கும் கோவைக்கும் வாரம் தவறாமல் ஓடுபவர் மட்டும் அடாஸோடு வரும் டாப் மாடலை யோசிக்கலாம். எல்லா வேரியன்டும் எப்போதும் விற்பனையில் இருக்காது என்பதால் இருப்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எப்போது புக் செய்வது? ஆடியில் நம்ம ஊரில் வண்டி எடுக்கத் தயங்குவார்கள். அதனாலேயே ஆடியில் பேரம் பேச இடம் அதிகம். ஆடியில் புக் செய்து விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, டெலிவரியை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். டிசம்பரிலும் சலுகை வரும். அப்போது வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேளுங்கள். ஜனவரியில் டிஎன் 48 நம்பர் வாங்கினாலும் தயாரிப்பு வருஷம் பழசாக இருந்தால், விற்கும்போது ஒரு வருஷ விலை குறையும். பதிவுக்கு அனுப்பும் முன்பே சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பதிவான பிறகு வண்டியை மாற்றித் தரச் சொல்வது லேசான காரியமில்லை.